கையெழுத்துக்கு ஒரு புருஷன்

சின்னத்தாய்க்கு மூன்று ஆண்டுகளாக இரண்டு புருஷன்கள். ஒருவன் தாலி கட்டியவன். மற்றவன் குடியிருக்கும் அறைக்காக ஏற்பட்டவன். கேட்பவர்கள் சிரிக்கலாம். பனியன் கம்பெனியை நம்பி வெளியூரிலிருந்து வந்து லைன் வீட்டில் குடியிருந்தவர்கள் சிரிக்க மாட்டார்கள்.

அவளுடைய ஊர் அருப்புக்கோட்டைக்குத் தெற்கே, வானத்தைப் பார்த்து விதைக்கிற ஒரு கரிசல் கிராமம். படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றது. நிறுத்தியவர் என்று யாரையும் சொல்ல முடியாது. தம்பி பிறந்தான், அம்மா தீப்பெட்டி ஆபீசுக்குப் போனாள், பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொள்ள வீட்டில் ஓர் இடுப்பு வேண்டியிருந்தது. தம்பி இறங்கி நடந்தபோது அவளோடு படித்தவர்கள் ஐந்தாம் வகுப்பில் இருந்தார்கள். போய் மூன்றாம் வகுப்பில் உட்கார வெட்கமாக இருந்தது, போகவில்லை. இதை அவள் குறையாக யாரிடமும் சொன்னதில்லை. தனக்கு ஜோதிகா பிறந்தபோது மட்டும், இவள் இடுப்பில் இன்னொரு பிள்ளை ஏறக் கூடாது என்று மனதுக்குள் முடிவு கட்டிக்கொண்டாள்.

புருஷன் ராக்கையா போர்வண்டியில் வேலை. ஆழ்துளைக் கிணறு போடும் அந்த வண்டிகள் தமிழ்நாட்டை விட்டுக் கிளம்பினால் மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் என்று சுற்றிக்கொண்டே இருக்கும். தீபாவளிக்குப் பத்து நாள் ஊருக்கு வருவான். மீதி நாளில் அவன் உயிரோடு இருக்கிறான் என்பதற்கு எப்போதாவது வரும் ஒரு போன்தான் அடையாளம். 2004 தீபாவளி முடிந்ததும் நான்கு வயது மகளைக் கூட்டிக்கொண்டு சின்னத்தாய் திருப்பூர்ப் பக்கம் வந்தாள். ஆவாரங்காட்டுப்புதூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை கிடைத்தது. தைத்து வரும் பனியனை வெளிச்சத்தில் விரித்துப் பிடித்து, ஓட்டை இருக்கிறதா, எண்ணெய்க் கறை இருக்கிறதா, தையல் விட்டிருக்கிறதா என்று பார்த்து ஒதுக்குவது. நின்றுகொண்டே செய்யும் வேலை. கண்ணுக்குத்தான் கூலி.

வேலை ஒரே நாளில் கிடைத்தது. அறைதான் கிடைக்கவில்லை.

புதூரில் வரிசையாகப் பதினாறு அறை கொண்ட லைன் வீடு மாரப்பனுடையது. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றியில் எப்போதும் காயாத விபூதி. குரலை உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. தெருவில் விளையாடும் பிள்ளைகளைக்கூட "வாங்க, போங்க" என்றுதான் சொல்வார். அந்த மரியாதையோடுதான் அவளையும் திருப்பி அனுப்பினார். "தனிப் பொம்பளைக்கு ஊடு குடுக்கறதில்லீங்க. ஆம்பளையக் கூட்டிட்டு வந்து கண்ணுல காட்டிப்போட்டு, அப்பறம் சாவி வாங்கிக்கங்க."

காட்ட வேண்டிய ஆம்பளை அப்போது ஜபல்பூருக்கு அந்தப் பக்கம் எங்கோ மண்ணைத் துளைத்துக்கொண்டிருந்தான்.

இதற்கு வழி ஊரில் ஏற்கெனவே இருந்தது. லைன் வீட்டுக்காரர்கள் ஜோடியாக வந்தால்தான் அறை தருவார்கள் என்பதால், கம்பெனியில் கூட வேலை செய்யும் ஒருவரை ஜோடியாகக் கூட்டிப்போய் நிறுத்துவது பலரும் செய்ததுதான். யாரும் அதைத் தப்பென்று நினைத்ததில்லை. சின்னத்தாய்க்கு ஜோடியாக வந்தவன் சகாயராஜ். தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரன், பவர்டேபிள் தையல் மெஷினில் டைலர், அவளைவிட நான்கு வயது இளையவன். அவளை அக்கா என்று கூப்பிடுகிறவன். மாரப்பன் முன்னால் பத்து நிமிடம் கைகட்டி நின்றான். சாவி கிடைத்தது. அவன் கம்பெனி மாடியிலேயே மற்றப் பையன்களோடு தங்கிக்கொண்டான். மாதம் ஒருமுறை வந்து வாடகையைத் தன் கையால் மாரப்பனிடம் கொடுத்து, இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போவான். நைட் ஷிப்ட் என்பதால் வீட்டில் பார்க்க முடிவதில்லை என்று லைனில் எல்லோரும் நம்பினார்கள், அல்லது நம்பியதாக இருந்துகொண்டார்கள். பதிலுக்கு அவனுக்கு ஞாயிற்றுக்கிழமை மீன்குழம்பு.

இதில் ஒரே சிக்கல் தீபாவளி. சொந்தப் புருஷன் வந்து இறங்கும்போது லைனில் அவனை யாரென்று சொல்வது? அண்ணன் என்று சொன்னாள். முதல் வருஷம் ராக்கையா இதைக் கேட்டு வயிறு வலிக்கச் சிரித்தான். பக்கத்து அறைக்காரி, "உங்கண்ணனுக்கும் உனக்கும் ஜாடையே இல்லியே" என்றபோது, "எங்கய்யாவுக்கு ரெண்டு தாரம்" என்று சமாளித்ததும் அவன்தான். இரண்டாம் வருஷம் சிரிப்பு குறைந்தது. மூன்றாம் வருஷம், 2007 தீபாவளிக்கு, மச்சானைப் பார்க்க வந்த 'அண்ணன்' ராக்கையா பொறுமை இழந்து, "இந்த நாடகம் இன்னும் எத்தனை காலத்துக்கு?" என்றான். வேறு அறை பார்க்கலாம் என்றாள். அதைப் பார்ப்பதற்குள் வண்டி கிளம்பிவிட்டது.

டிசம்பரில் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

இரண்டாவது பிள்ளை என்றால் என்ன என்பதை அவள் யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. பேறுகாலம் பார்க்க ஊரில் ஆள் இல்லை. அம்மா இறந்து இரண்டு ஆண்டு. வேலைக்குத் திரும்பினால் பிள்ளையை வைத்துக்கொள்ள ஜோதிகாதான் உண்டு. ஜோதிகாவுக்கு எட்டு நடந்தது. மூன்றாம் வகுப்பு. படிப்பில் சுமார்தான், வாய்ப்பாட்டில் ஏழுக்கு மேல் தடுமாறுவாள். ஆனாலும் காலையில் பையைத் தூக்கிக்கொண்டு போனாள், சாயங்காலம் திரும்பி வந்தாள். அதற்கு மேல் சின்னத்தாய் எதையும் கேட்கவில்லை.

புதூர் அரசு மருத்துவமனையில் கலைத்துவிடுவார்கள் என்பது கம்பெனிப் பெண்களுக்கெல்லாம் தெரிந்ததுதான். ஆறு மாதத்துக்கு முன்புவரை போனவர்கள் மறுநாளோ அதற்கு மறுநாளோ வேலைக்கு வந்துவிட்டார்கள். 2007 ஜூலையில்தான் அது மாறியது.

அந்த மாதம் மருத்துவமனை ஆலோசனைக் குழுவுக்குப் புதிதாக உறுப்பினர்களை அரசு நியமித்தது. ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பதல்ல, மருத்துவம் படித்திருக்க வேண்டும் என்பதுமல்ல. ஆட்சியில் இருப்பவர்களுக்கு வேண்டியவராக இருந்தால் போதும். குழுவின் வேலை குடிதண்ணீர், கழிப்பறை, பார்வையாளர் உட்காரும் பெஞ்சு இவற்றைப் பற்றி யோசனை சொல்வது. மாரப்பன் எதிர்பார்த்திருந்தது கோயில் அறங்காவலர் பதவி. அது வேறொருவருக்குப் போய்விட்டது. அதற்கு ஈடாக இதைக் கொடுத்தார்கள். பஸ் நிறுத்தத்தில் அவர் கைகூப்பி நிற்கும் பிளெக்ஸ் இரண்டு வாரம் இருந்தது.

முதல் கூட்டத்திலேயே அவர் தண்ணீரையும் பெஞ்சையும் விட்டுவிட்டார். வெளியூர்ப் பெண்கள் கண்டபடி வந்து கலைத்துவிட்டுப் போகிறார்கள், இது ஊருக்கு நல்லதல்ல, இனி புருஷன் கூட வந்து கையெழுத்துப் போட்டால்தான் செய்ய வேண்டும் என்றார். ஓய்வுபெற எட்டு மாதமே இருந்த தலைமை மருத்துவர் தலையாட்டினார். கூட்டக் குறிப்பில் இதை எழுதவில்லை. மேலிடத்து உத்தரவு எதுவும் வரவில்லை. மறுநாள் மகப்பேறு வார்டு வாசலில் ஒரு தாள் ஒட்டப்பட்டது: கருக்கலைப்புக்கு வருவோர் கணவருடன் வரவும்.

சட்டம் வேறு சொல்கிறது. 1971-இல் இயற்றப்பட்டு அடுத்த ஆண்டு ஏப்ரல் முதல் நடப்பிலிருக்கும் கருக்கலைப்புச் சட்டத்தின்படி, பதினெட்டு வயது நிரம்பிய, மனநலம் குன்றாத பெண்ணின் சம்மதம் மட்டும் போதும். கணவன், தகப்பன், வீட்டுக்காரர் யாருடைய கையெழுத்தும் தேவையில்லை. இது புதூர் மருத்துவமனையில் தெரியாத விஷயமல்ல. மகப்பேறு மருத்துவர் சித்ராதேவிக்கு நன்றாகவே தெரியும். அவர் கோயம்புத்தூருக்கு மாற்றல் கேட்டு மனுப் போட்டிருந்தார். இரண்டு பிள்ளைகளும் அங்கே படித்தார்கள். மாற்றலுக்கு ஆளும் தரப்பின் சிபாரிசு உதவும். சிபாரிசு மாரப்பன் வழியாகப் போக வேண்டும். அவர் அந்தத் தாளைக் கடந்து தினமும் வார்டுக்குள் போனார், வந்தார்.

2008 ஜனவரி 7, திங்கட்கிழமை, சின்னத்தாய் அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டு மருத்துவமனைக்குப் போனாள். சீட்டு எழுதிய நர்ஸ் பழனாத்தாள் பேர் கேட்டாள், வயது கேட்டாள், புருஷன் பேர் கேட்டாள். ராக்கையா என்று உண்மையைச் சொன்னாள். ஆஸ்பத்திரியில் பொய் சொல்ல வேண்டியிருக்கும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. பொய் சொன்னது லைன் வீட்டில் மட்டும்தான்.

டாக்டர் பார்த்துவிட்டுப் பத்து வாரம் முடிந்திருக்கிறது என்றார். புருஷனைக் கூட்டிவரச் சொன்னார். அவர் வடக்கே இருக்கிறார், வர முடியாது என்றாள் சின்னத்தாய். டாக்டர் சீட்டில் வாரத்தை எழுதி அடிக்கோடிட்டார்.

"பன்னெண்டு வாரத்துக்குள்ளன்னா நான் ஒருத்தியே பண்ணலாம்மா. தாண்டிட்டா ரெண்டு டாக்டர் சேர்ந்து சொல்லணும். இங்க பிரசவம் பாக்கற இன்னொரு டாக்டர் போஸ்ட் ரெண்டு வருஷமா காலி. பொங்கலுக்கு முன்னாடி அவரை எப்படியாவது வரச் சொல்லு."

"நான் சொன்னாப் பத்தாதாம்மா? வயிறு என்னுதுதான?"

டாக்டர் அடுத்த சீட்டை எடுத்தார். வெளியே வந்தபோது பழனாத்தாள்தான் இரக்கப்பட்டுத் தாளைக் காட்டினாள். "அது நம்ம மெம்பர் போட்ட ரூலுங்க. நாங்க என்னத்தக் கண்டோம்."

சின்னத்தாய் பல்லடத்தில் ஒரு தனியார் கிளினிக்கில் கேட்டுப் பார்த்தாள். அங்கேயும் புருஷன் வேண்டும் என்றார்கள். அந்த மாதிரி இடங்களுக்கு அனுமதி தருவது மாவட்டக் குழு. புதூர் உறுப்பினரின் வாய் அதுவரை நீளும் என்று அவர்களுக்குப் பயம். போர்வண்டி ஏஜென்டு ஆபீசுக்குப் போன் போட்டாள். வண்டி டவர் கிடைக்காத இடத்தில் இருக்கிறது, சித்திரையில்தான் திரும்பும் என்றார்கள். மெடிக்கல் கடையில் கேட்டால் மாத்திரை தருவார்கள் என்று சொன்ன பெண்களும் உண்டு. அதே கம்பெனியில் அப்படி வாங்கிச் சாப்பிட்ட ஒருத்தி ரத்தம் நிற்காமல் ஒரு மாதம் படுக்கையில் கிடந்து, கடைசியில் வேலையை விட்டு ஊருக்கே திரும்பியதை அவள் பார்த்திருந்தாள். தனக்கு ஒன்று ஆனால் ஜோதிகாவை யார் வைத்துக்கொள்வார்கள்? அதை விட்டுவிட்டாள்.

மிஞ்சியது சகாயராஜ்.

கம்பெனியில் சாப்பாட்டு நேரத்தில் மாடிப்படியில் உட்கார வைத்து விஷயத்தைச் சொன்னாள். அவன் சோற்றுக் கையோடு எழுந்துவிட்டான். வீட்டுக்குப் பொய் சொன்னது வேறு, இது வேறு என்றான். அவன் ஞாயிறு தவறாமல் மாதா கோயில் பூசைக்குப் போகிறவன்.

"பாவமில்லையாக்கா?" என்றான்.

"பாவத்த நான் வாங்கிக்கிறேன். நீ கையெழுத்த மட்டும் போடு."

அவன் இரண்டு நாள் முகம் கொடுக்காமல் இருந்தான். மூன்றாம் நாள் தானாகவே வந்து எப்போது போக வேண்டும் என்று கேட்டான். அவள் அவனுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தாள். அவன் பேர் ராக்கையா. வேலை போர்வண்டியில். பொங்கலுக்கு வந்திருக்கிறான். அவ்வளவுக்கு மேல் எதையும் பேசக் கூடாது. "வாயைத் தெறக்காத. தெறந்தா அக்கான்னு வந்துரும்" என்றாள். அவனுக்கே அதில் சிரிப்பு வந்தது.

மாரப்பன் மருத்துவமனைக்குச் செவ்வாய்க்கிழமை மட்டும்தான் வருவார். அது எல்லோருக்கும் தெரியும். ஆகவே வெள்ளிக்கிழமையாகப் பார்த்து, ஜனவரி 11 அன்று காலை இருவரும் போனார்கள். பழனாத்தாள் பழைய சீட்டை எடுத்தாள். "இவருதான் ராக்கையாங்களா?" என்றாள். சகாயராஜ் தலையாட்டினான். கையெழுத்துக்கான தாளை எடுத்து மேசைமேல் வைத்தாள். ஊசி போடுவதற்கு முன் சாப்பிட்டிருக்கிறாளா என்று சின்னத்தாயைக் கேட்டாள். இல்லை என்றாள். அப்போதே பாதி முடிந்ததுபோல அவளுக்குக் கால் லேசானது.

வாசலில் கார் நின்றது.

பொங்கலை முன்னிட்டு இரண்டு சக்கர நாற்காலி அன்பளிப்பு. கூடவே போட்டோ எடுப்பவர், மாலையோடு நான்கு பேர். நாற்காலியை ஒப்படைத்துவிட்டு மாரப்பன் வார்டைப் பார்வையிட உள்ளே வந்தார். மேசைக்கு முன்னால் நின்ற இருவரையும் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. தன் லைனில் குடியிருப்பவர்கள், மாதம் தவறாமல் வாடகை கொடுப்பவர்கள். அவர் உண்மையான அன்போடுதான் கேட்டார்.

"அடடே, வாங்க சகாயராஜ். சம்சாரத்துக்கு ஒடம்புக்கு முடியலீங்களா?"

பழனாத்தாள் நிமிர்ந்தாள். "இவரு பேரு ராக்கையாங்க, அய்யா."

"ராக்கையாவா? நம்ம லைன்ல எட்டாம் நம்பருங்க இவங்க. மூணு வருசமாச்சு. இவரு சகாயராஜுங்க."

எல்லோரும் சகாயராஜைப் பார்த்தார்கள். அவன் பேனாவைப் பிடித்தபடி நின்றான். எந்தப் பேரைச் சொன்னாலும் ஒரு பக்கம் போய்விடும். ராக்கையா என்றால் அறை போகும், சகாயராஜ் என்றால் வந்த காரியம் போகும். அவன் மூளை அந்த நேரத்தில் ஒரு வழியைக் கண்டுபிடித்தது.

"ரெண்டும் எம் பேருதாங்கய்யா. கோயில்ல வச்சது சகாயராஜ். வீட்ல கூப்பிடுதது ராக்கையா."

மோசமான பொய் அல்ல. பழனாத்தாள் பாதி நம்பிவிட்டாள். மாரப்பன்தான் சிரித்தார். "வேதக்காரங்க ஊட்ல ராக்கையான்னு கூப்புடுவாங்களாங்க? தெரியாமத்தான் கேக்கறேன்." சிரித்துக்கொண்டே அவர் கண் மேசைமேல் இருந்த தாளுக்குப் போனது. அது என்ன தாள் என்று அவருக்குத் தெரியும். அதை ஏற்படுத்தியவர் அவர்தான். சிரிப்பு நின்றது.

சகாயராஜ் சின்னத்தாயைத் திரும்பிப் பார்த்தான். "அக்கா..." என்றான்.

அதோடு முடிந்தது.

சின்னத்தாய் அதற்குப் பிறகு எதையும் மறைக்கவில்லை. புருஷன் போர்வண்டியில் இருப்பதையும், அறை கிடைக்காததால் இவனை ஜோடியாக நிறுத்தியதையும், இவன் தம்பி மாதிரி என்பதையும் ஒன்று விடாமல் சொன்னாள். தீபாவளிக்கு வந்த அண்ணன்தான் தன் புருஷன் என்றும் சொன்னாள். உண்மை முழுவதையும் ஒரே மூச்சில் சொன்னால் நம்புவார்கள் என்று நினைத்தாள். கேட்டவர்களுக்கு அது முன்னதைவிடப் பெரிய பொய்யாகத் தெரிந்தது.

மாரப்பன் அப்போதும் குரலை உயர்த்தவில்லை. "அண்ணங்கறீங்க, தம்பிங்கறீங்க, புருசங்கறீங்க. எனக்கு ஒண்ணும் வெளங்கலீங்க. பொங்கலுக்குள்ள ஊட்டக் காலி பண்ணிருங்க." பிறகு டாக்டரைப் பார்த்தார். "இதுக்குத்தானுங்க மேடம் நான் ரூல் போடச் சொன்னது. இப்பப் பாத்தீங்களா?"

சித்ராதேவி வார்டுக் கதவருகே நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். சட்டத்துக்கு வேண்டிய ஒரே கையெழுத்துக்காரி அவர் கண்முன்னால், வெறும் வயிற்றோடு, தயாராக நின்றாள். அவர் வாயைத் திறக்க வேண்டியிருந்தது ஒரு வாக்கியத்துக்கு. "சரிங்க சார்" என்றார்.

பொங்கலுக்குக் கம்பெனிகள் அடைத்தன. ஊருக்குப் போகும் பஸ்களில் கூட்டம் தொங்கியது. சகாயராஜ் ஊருக்குப் போனவன் திரும்பவில்லை. பெங்களூரில் வேலை கிடைத்துவிட்டதாகச் சொல்லியனுப்பினான். லைனில் எட்டாம் நம்பரைப் பற்றிப் பேசாத வாய் இல்லை. மூன்று வருஷம் நம்பியதாக இருந்துகொண்டவர்கள், மூன்று வருஷமாகவே சந்தேகம் இருந்ததாகச் சொன்னார்கள். பொங்கல் முடிந்து கம்பெனி திறந்தபோது பன்னிரண்டு வாரம் தாண்டிவிட்டது. கோயம்புத்தூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று ஒருத்தி சொன்னாள். அங்கேயும் புருஷனைக் கேட்பார்கள், இங்கே நடந்ததைக் கேட்பார்கள் என்று சின்னத்தாய் நினைத்தாள். அவள் நினைத்தது தப்பாக இருந்திருக்கலாம். அதைத் தப்பென்று சொல்ல வேண்டியவர்கள் யாரும் சொல்லவில்லை.

வயிறு தெரிய ஆரம்பித்த தனிப் பெண்ணுக்கு எந்த லைனிலும் அறை இல்லை. கடைசியில் கொடுத்தவர் ஜெய்புன்னிசா. கணவர் இருந்தவரை பனியன் வேஸ்ட் துணி வியாபாரம். இப்போது வீட்டின் பின்கட்டு காலியாகக் கிடந்தது. சின்னத்தாய் தன் கதையைத் தொடங்கியதும் கையமர்த்தினார். "எனக்கு எதுக்கும்மா அதெல்லாம்? குழாய்த் தண்ணி காலைல மட்டும்தான் வரும். அத மட்டும் தெரிஞ்சுக்க."

ராக்கையாவுக்குச் செய்தி சித்திரைக்கு முன்பே எட்டிவிட்டது. அதே வண்டியில் வேலை பார்த்தவனின் மனைவி மாரப்பன் லைனுக்கு இரண்டு லைன் தள்ளிக் குடியிருந்தாள். போனில் ராக்கையா அதிகம் பேசவில்லை. "ஊரே அவன உம் புருசங்குது. என்னைய உங்கண்ணங்குது. அண்ணன்கிட்ட எதுக்குப் புள்ளக் கணக்குச் சொல்லுத?" என்றான். தீபாவளி, தேதி, வாரம் என்று அவள் எடுத்துச் சொன்னாள். எல்லாம் சரியான கணக்குதான். கேட்பதற்கு அந்தப் பக்கம் ஆள் இல்லை, வைத்துவிட்டிருந்தான். அதன்பின் அவன் வரவில்லை. புருஷன் இல்லாமல் ஒன்றும் நடக்கக் கூடாது என்று போட்ட ரூல், இருந்த புருஷனையும் கொண்டுபோய்விட்டது.

ஆகஸ்ட் 4, திங்கட்கிழமை மாலையில் அதே மருத்துவமனையில் ஆண் குழந்தை பிறந்தது. பிரசவத்துக்குச் சேர்த்தபோது யாருடைய கையெழுத்தையும் யாரும் கேட்கவில்லை. பெற்றெடுப்பதற்கு அவள் சம்மதம்கூடத் தேவைப்படவில்லை.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. மாரப்பன் வந்தார். பிறந்த குழந்தை ஒவ்வொன்றுக்கும் ஒரு பை கொடுப்பது அவர் ஆரம்பித்து வைத்திருந்த வழக்கம். பையில் துண்டு, சோப்பு, பவுடர், ஒரு சின்னச் சட்டை. பையின்மேல் அவர் படம். பழனாத்தாள் குழந்தையின் பெற்றோர் பேரைக் குறித்துக்கொண்டு பின்னால் வர, போட்டோக்காரர் முன்னால் போக, அவர் கட்டில் கட்டிலாக வந்தார். சின்னத்தாயின் கட்டிலருகில் நின்று அவளை அடையாளம் கண்டுகொண்டார். பிறகு பெரிய மனதோடு பேசினார்.

"நடந்தது நடந்துபோச்சுங்க. பச்சக் கொழந்த என்ன பண்ணுச்சு, பாவம். ஆம்பளக் கொழந்தையா? நல்லா இருக்கட்டும். கலைச்சிருந்தா இந்த மொகத்தப் பாத்திருக்க முடியுங்களா?"

பையை நீட்டினார். போட்டோக்காரர் கேமராவைத் தூக்கினார். பழனாத்தாள் பேனாவோடு நின்று, சின்னத்தாயின் முகத்தைப் பார்க்காமல், "அப்பன் பேரு என்னன்னு போடறதுங்க?" என்று கேட்டாள். அறையில் எல்லோருக்கும் கதை தெரியும். பக்கத்துக் கட்டில்களில் தலைகள் திரும்பின.

"மாரப்பன்னு போடுங்க" என்றாள் சின்னத்தாய்.

"எந்த மாரப்பனுங்க?" பழனாத்தாளுக்கு உண்மையிலேயே புரியவில்லை.

"இந்தா நிக்கிறாகல்ல, இவுகதான்." அவள் மாரப்பனைப் பார்த்தே சொன்னாள். குரலில் சண்டை இல்லை. பனியனில் ஓட்டை இருக்கிறது என்று சொல்லும்போது எப்படிச் சொல்வாளோ அப்படிச் சொன்னாள். "தாலி கட்டுனவரு வேண்டாம்னுட்டாரு. கையெழுத்துப் போட வந்த பய ஊர விட்டே போயிட்டான். நானும் வேண்டாம்னுதான் இங்க வந்து நின்னேன். இது பொறந்தே ஆகணும்னு சொன்ன ஆம்பள நீங்க ஒருத்தருதான அய்யா? பெறகு யாரு பேரப் போடச் சொல்றீக?"

மூலைக் கட்டிலில் ஒருத்திக்குச் சிரிப்பு பீறிட்டு, அதை அவள் இருமலாக மாற்றினாள். போட்டோக்காரர் கேமராவை இறக்கினார். கூட வந்தவர்கள் ஜன்னலைப் பார்த்தார்கள். மாரப்பனின் முகம் வெளுத்து, பிறகு சிவந்தது.

"வாய மூடு" என்றார்.

புதூரில் அவர் "ங்க" இல்லாமல் பேசியதை அன்றுதான் மற்றவர்கள் கேட்டார்கள். பையைக் கட்டிலில் போட்டுவிட்டு, மீதிக் கட்டில்களுக்குப் போகாமலே திரும்பினார்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் டாக்டர் சித்ராதேவி தானே வந்து தையலைப் பார்த்தார். நர்சை வெளியே அனுப்பினார். குனிந்து, குழந்தையின் துணியைச் சரிசெய்வதுபோலச் செய்துகொண்டு, "அன்னைக்கு உன் கையெழுத்து மட்டுமே போதும்மா. சட்டம் அப்படித்தான்" என்றார். சொல்லிவிட்டால் பாரம் இறங்கும் என்று நினைத்திருப்பார்.

சின்னத்தாய்க்கு உடனே விளங்கவில்லை. விளங்கியபோது நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"இத எதுக்கும்மா இப்பச் சொல்றீக? மார்கழியிலயே சொல்லீருக்கணும்" என்றாள்.

டாக்டருக்கு அந்த ஆண்டு முடிவதற்குள் கோயம்புத்தூர் மாற்றல் வந்துவிட்டது. 2009 பிப்ரவரியில் திருப்பூர் தனி மாவட்டம் ஆனது. புது மாவட்டம் என்றால் புதுக் குழுக்கள், புது நியமனங்கள். மாரப்பன் மாவட்ட அளவிலான ஒரு குழுவுக்கு உயர்ந்தார். புதூர் மருத்துவமனைக்கு வெள்ளையடித்தார்கள். வார்டு வாசலில் நைந்து தொங்கிய தாளைக் கிழித்துவிட்டு, அதே வாசகத்தைப் பெயின்டரை வைத்து நீல எழுத்தில் சுவரிலேயே எழுதினார்கள். புதிதாக வந்த டாக்டர் அது அரசு உத்தரவு என்றே நினைத்துக்கொண்டார்.

சின்னத்தாய் 2008 அக்டோபரிலேயே வேலைக்குத் திரும்பியிருந்தாள். ஜோதிகா காலாண்டுத் தேர்வு எழுதினாள். அரையாண்டுத் தேர்வு எழுதவில்லை. டீச்சர் ஒருமுறை வீடு தேடி வந்தார். தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்த பெண்ணிடம் என்ன கேட்பது என்று தெரியாமல், தம்பி நடக்க ஆரம்பித்ததும் வந்துவிடு என்று சொல்லிவிட்டுப் போனார். ஜெய்புன்னிசா பகலில் குழந்தையைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி ஒரு மாதம் பார்த்தார். மூட்டுவலி அதற்கு மேல் விடவில்லை.

குழந்தைமேல் சின்னத்தாய்க்கு வெறுப்பு இல்லை. பசிக்கு எடுத்துப் பால் கொடுத்தாள், காய்ச்சலுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள். ஆண் குழந்தை, உனக்கென்ன குறை என்று கம்பெனியில் சொன்னார்கள். அவள் பனியனை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தாள்.

2009 ஜூனில் பள்ளிக்கூடங்கள் திறந்தன, ஜோதிகா போகவில்லை. கம்பெனிக்குப் போகும் நேரான தெருவில் காலை எட்டரைக்குச் சீருடைப் பிள்ளைகள் கூட்டமாகப் போவார்கள். அந்த வாரத்திலிருந்து சின்னத்தாய் சாயப்பட்டறைக்குப் பின்னால் சுற்றிப் போகும் சந்து வழியாக வேலைக்குப் போக ஆரம்பித்தாள்.